கரிசலில் ஊன்றிய கம்பம்

விளாத்திகுளம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்த பெரியவர்தான் ஆரம்பித்தார்.

"போன மாசம் மழை பெஞ்சு பூமி குளுந்துச்சு. எங்க வீட்டு டிவிதான் செத்துப் போச்சு."

"கரண்டு போச்சா அண்ணாச்சி?" என்றார் பக்கத்திலிருந்த இளையவர்.

"இல்ல. நான் வச்சது மோட்டார் டிஷ்ஷுல்லா. ஒரு சாட்டிலைட்டுலேருந்து இன்னொண்ணுக்கு அதுவாத் திரும்பும். கம்பம் ஒரு நூலு சாஞ்சாலும் ஒண்ணும் வராது. கோடையில ரசமட்டம் வச்சு நேரா நிக்கான்னு பாத்து முத்தத்துல ஊனுனேன். மழையில மண்ணு உப்பி, கம்பம் சாஞ்சிட்டு."

"கரிசல்ல போயி ஊனுவாகளா? மாடியில வைக்க வேண்டியதுதான?"

"அப்ப மாடி பூரா மொளகா வத்தல் காயப் போட்டிருந்துச்சு. உங்க மதினி ஒரு சாண் எடம் தரல."

"இப்ப என்ன செய்யப் போறிய?"

"ஒண்ணும் செய்யல. பத்து நாளா நல்ல வெயிலு. மண்ணு காஞ்சு இறுகி, கம்பம் தானா நிமிருது. நேத்து நாலு சேனலு வந்துட்டு."

"பொறவென்ன? நல்லதுதான?"

"என்னத்த நல்லது? படம் தெளியத் தெளிய புஞ்சையில மொளகாச் செடி வாடுதுல்லா."