தடைக் காலத்தில் கேட்ட தட்டல்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுழியோடிகள் சங்கத் தலைவர் தோன் அபெலார்தோ அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! சிப்பி உடைத்த தழும்பைச் பாவாடை மடிப்பில் மறைக்கத் தெரியாத, மறைக்கத் தேவையுமில்லாத தாய்மார்களே! நனைந்த உடையோடு கடைசி வரிசையில் நிற்கும் என் தோழர்களே! கூரைமேல் கொட்டுகிற சீலோவே தீவின் மழையே, நீயும் இந்தக் குப்பத்து உறுப்பினர்தான், நீயும் கேள்! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாளைக் காலை துறைமுக நீதிமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறார்கள். கடலடியில் முழுகிச் சிப்பி எடுத்த சுழியோடி, செத்துப்போன ரமிரோ சிகுவாய், திருடனா, இல்லையா? திருடன் என்று தீர்ப்பானால், கடலில் அவனுக்கு இருந்த பங்கு அவன் மனைவி எதுவினாவுக்கு வராது. அவள் படகு தண்ணீரில் இறங்க முடியாது. அதற்காகத்தான் இந்த மேடை. அதற்காக மட்டும்தான்.

'முன்னோர் பந்தி' உணவகத்தை அறியாதவர் இங்கே உண்டா? கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றி நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடம். தலைநகர் சந்தியாகோவிலிருந்து படகேறி வந்து, அங்கே வரிசையில் காத்து நிற்கிறார்கள். எதற்கு? உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிய மில்காவுக்கு! பாறையில் வழுக்கிக்கொண்டு கிடக்கும் கொச்சாயுயோப் பாசிக்கு! நம் வீட்டில் வறுமைக்குத் தின்றதை அங்கே பெருமைக்குத் தின்கிறார்கள். தின்னட்டும், தோழர்களே. பசிக்கு நான் எதிரியல்ல.

ஆனால் லோக்கோ? அந்தச் சிப்பிக்கு லோக்கோ, அதாவது பைத்தியம், என்று பெயர் வைத்தானே, அவனல்லவா தீர்க்கதரிசி! சிரியுங்கள், சிரியுங்கள். தடைக் காலத்தில் அதை எடுத்தவனுக்குச் சிறை. கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டு வாங்கித் தின்றவனுக்கு? பிழிந்துகொள்ள எலுமிச்சம்பழம்! கரையில் கடற்படைக் காவல். ஆகவே ரமிரோ படகில்லாமல், காற்றுக் குழாய் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்தின் அடியில் நீந்திப் போவான். மரக்காலில் வலைப்பையைக் கட்டுவான். சமையலறைத் தரையில் ஒரு பலகைக் கதவு உண்டு. அதைத் திறந்து மேலே இழுத்துக்கொள்வார்கள். அப்போது எனக்கும் இது தெரியாது, எதுவினாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் காலை உடைத்திருப்பாள்.

ஒருநாள் அவன் திரும்பவில்லை. அவன் உடைகள் வடக்குப் பாறையில் கிடந்தன. எல்லோரும் வடக்கே தேடினோம். அவனோடு தொழில் செய்த சுழியோடி நானும் முழுகித் தேடினேன். கடற்படை தேடலை நிறுத்தியது. எதுவினா உணவகத்து வாசலில் போய் நின்றாள்.

"ரமிரோவா? அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றார் முதலாளி தோன் ஒக்தாவியோ. அவர் தலைக்குப் பின்னால், சுவரில், ஒரு படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. யார் படம் அங்கே தொங்கியது என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. அங்கே சாப்பிடுகிறவர்களின் காலடியில் ஏதோ தட்டுகிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எதுவினா என் வீட்டுக்கு வந்தாள். காதில் தோடு, கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு.

"கிளம்புடா, வெளிய போய்ச் சாப்பிடலாம்."

"எங்க, ஒக்தாவியோ கடைலயா? காசு குடுத்து மில்காவ் திங்கவா? உன் வீட்டு மில்காவுக்கு என்ன கேடு?"

"என் வீட்ல சத்தம் கேக்கலைடா" என்றாள்.

போனோம். உட்கார்ந்தோம். நிறைந்த கூடம். வெள்ளை விரிப்பு. மில்காவ் வந்தது, புகைமிளகாய்ப் பொடி தூவிய பாசிக் குழம்பு வந்தது, ஆப்பிள் கள்ளு வந்தது. அவள் ஒரு கவளம்கூட எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கால்களைப் பலகையில் பதித்து வைத்திருந்தாள்.

தட். தட். தட்.

கள்ளுக் கிண்ணத்தில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. நின்றது. மறுபடி, தட். தட். தட். பாட்டுப் பெட்டியின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். பழக்கப்பட்ட கை! தினமும் கூட்டிய கை!

என்ன அண்ணே? அலையா? பின்னாலிருந்து சொல்கிறீர்கள், அலைதான் என்று. அலைக்கு எண்ணத் தெரியுமா அண்ணே? மூன்றோடு நிறுத்தத் தெரியுமா?

பக்கத்து மேசையில் ஒரு பட்டணத்து அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க சத்தம் அது? கீழ யாராச்சும் இருக்காங்களா?"

தோன் ஒக்தாவியோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாய் நிறையச் சிரிப்பு. "பயந்துட்டீங்களா? பின்கட்டுல லோக்கோ அடிக்கிறாங்கம்மா! டயர் ட்யூப்புக்குள்ள போட்டு, தரைல ஓங்கி ஓங்கி அடிச்சாத்தான் பல்லு இறங்கும். எல்லாம் நம்ம முன்னோர் வழக்கம்!"

கேட்டீர்களா? வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்யை, நாக்கு தானாகவே சொல்லிவிட்டது! பட்டணத்து மேசைகள் தலையாட்டின. நம் ஊர் மேசைகள்? ஒரு கரண்டி அசையவில்லை. எதுவினா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"லோக்கோவா, தோன் ஒக்தாவியோ? தடைக் காலத்துலயா?"

அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அது... ஃப்ரீசர்ல இருந்த பழசும்மா."

"சரி, பழசாவே இருக்கட்டும். உங்க கடைல லோக்கோ அடிக்கிறது ஓர்பெலினா மட்டுந்தான். அவ இதோ கைல தட்டோட நிக்கறா. அப்ப பின்கட்டுல அடிக்கறது யாரு?"

தட். தட். தட்.

தாய்மார்களே, ரமிரோ கடலடியில் வேலை செய்த காலமெல்லாம் படகில் அவன் காற்றுக் குழாயைப் பிடித்திருந்தவள் எதுவினா. ஒரு இழுப்பு என்றால் 'நலம்'. இரண்டு என்றால் 'குழாயை இன்னும் நீட்டிவிடு'. மூன்று என்றால் என்ன? சொல்லுங்கள், சுழியோடிகளே! ஆமாம். 'என்னைத் தூக்கு!'

அவள் எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. சமையலறையில் மிதியடியைக் காலால் தள்ளி, பலகைக் கதவைத் தூக்கினாள். கீழே கறுப்புத் தண்ணீர். இறங்கியவன் நான். மரக்கால்களுக்கு நடுவில், பழைய கயிற்றுச் சிக்கலில், அவன் இருந்தான். தலைக்குமேல் வலைப்பை, உள்ளே லோக்கோ.

நான் பேயை நம்புகிறவனல்ல. பாதிரியாரிடமும் சண்டை, மந்திரவாதியிடமும் சண்டை. ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். வலைப்பையின் இரும்பு வளையத்தைப் பாசி மரத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் உடல் இரண்டு மரக்கால்களுக்கிடையே ஆப்பு போல் சிக்கியிருந்தது. அசைய இடமில்லை. மோத எதுவுமில்லை. என் கை அவன் தோளில் இருக்கும்போதே, என் தலைக்கு மிக அருகில், அந்த மரம் மூன்று முறை அதிர்ந்தது. என்ன தட்டியது? எனக்குத் தெரியாது. கயிற்றை அறுத்து அவனை மேலே கொண்டுவந்த பிறகு தட்டல் நின்றுவிட்டது. அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ஈரம் சொட்டச் சொட்ட அவனைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக வந்தோம். ஓரத்து மேசையில் ஒருவர் தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். செத்தவன் தட்டினான், அது எனக்குப் புரிகிறது. உயிரோடிருப்பவர் எப்படிச் சாப்பிட்டார்? காலடியில் ஒருவன் தூக்கு, தூக்கு என்று கதற, மேலே ஒரு ஊரே எப்படி மென்றது, எப்படி விழுங்கியது, எப்படி விரலைச் சூப்பியது?

இப்போது தோன் ஒக்தாவியோ சொல்கிறார்: "என் கடைக்குள் திருட வந்தவன் அவன். லோக்கோ என்ற வார்த்தையை அன்றைக்கு நான் சொல்லவேயில்லை." சொல்லவில்லையாம்! அந்த வார்த்தைதான் எல்லாம். அவர் கடைக்கு லோக்கோ வந்தது என்றால், கொண்டுவந்தவன் திருடனில்லை, அவருடைய ஆள். என் ஒருவன் சாட்சி போதாது என்கிறார் வழக்கறிஞர். அந்தக் கூடத்தில் நம் ஊர்க்காரர்கள் இருந்தீர்கள். யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் எழுந்திருங்கள்.

யாருமில்லையா?

யாரது, "வேலை போயிரும்டா" என்பது? போகும், தம்பி. நிச்சயம் போகும். பொய் சொல்லி உன்னை அழைக்க நான் வரவில்லை. கட்டடத்துக்கு மேலே வேலை, கட்டடத்துக்குக் கீழே வேலை, இரண்டும் அவர் கொடுப்பதுதான். கீழே போனவனைத் தெரியவே தெரியாது என்றவர், மேலே நிற்கும் உன்னை எத்தனை நாள் தெரிந்து வைத்திருப்பார்?

அங்கே... நடுவரிசையில்... வழி விடுங்கள். ஓர்பெலினா அக்கா. ஒலிபெருக்கி வேண்டாமா? சரி அக்கா, அங்கிருந்தே சொல்லுங்கள்.

"அவரு சொன்னாரு. நான் கேட்டேன். அந்தக் கடைல அடிக்கிறவ நான். அன்னிக்கு நான் அடிக்கலை."

போதும் அக்கா. இதோ இன்னொருவர். அதோ, சுவரோரம் இரண்டு பேர். எழுந்தவர்கள் தயவுசெய்து உட்கார வேண்டாம். அப்படியே படகுத்துறைக்கு நடப்போம். நீதிமன்றம் திறக்கும்போது அதன் வாசலில் நிற்போம். பொறுமையோடு கேட்ட சபைக்கும், எழுந்து நின்ற கால்களுக்கும் என் நன்றி. வணக்கம்!