முதல் வாய்

— காச்சல்ல செத்தான்னு கார்டு போட்டீங்களே அண்ணாச்சி, அது பொய்தானே? நான் அழாம கேட்டுக்கிடுதேன். சயாம் காட்டுல எம்புருசனுக்கு என்ன ஆச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க.

— அதுக்குத்தான் வந்தேன் தங்கச்சி. கப்பல் எறங்கி ஒரு வருசம் ஆச்சு. சிவகிரியிலேர்ந்து சங்கரன்கோயிலுக்கு பஸ் ஏற காலு வரல. காளிராசுக்கு காச்சல் இல்ல. கிழங்கு.

— கிழங்கா?

— தைப்பொங்கலுக்கு முந்தின நாளு. ஜப்பான்காரன் எங்கள மலாய்த் தோட்டத்துலேர்ந்து ரயில் ரோடு போட அள்ளிட்டுப் போயி ஒம்பது மாசம். புழுத்த அரிசியும் உப்புத்தண்ணியும்தான். காலு வீங்கி வீங்கி செத்தானுவ. காட்டுக்குள்ள நம்ம ஊரு சாயல்ல எதக் கண்டாலும் பறிச்சிருவோம். குப்பைக்கீரை, கோவங்காய், எதுனாலும்.

— அவுக இங்கன கீரைன்னாலே மொகத்தச் சுளிப்பாக.

— அங்கன அவன்தான் கீரை ஆய்வான். ‘எங்க ஆறுமுகத்தாய் இப்படித்தான் கிள்ளுவா’ன்னு காம்பு காம்பா கிள்ளுவான்.

— ம். மேல சொல்லுங்க.

— மூங்கில் வெட்டப் போன எடத்துல ஒரு கொடி காஞ்சு கெடந்தது. தண்டெல்லாம் முள்ளு. நோண்டிப் பாத்துட்டு, ‘அண்ணே, சிறுவள்ளிக்கிழங்கு! பொங்கல் வந்துட்டு!’ன்னு குதிச்சான்.

— எலையப் பாக்க வேண்டாமா?

— எலைதான் உதிந்து போச்சே! முள்ளு இருந்துச்சு. மேல மயிரு மயிரா வேரு இருந்துச்சு. சொரண்டினா வழுவழுன்னு இருந்துச்சு, கையி அரிச்சுது. நம்ம கிழங்கும் அரிக்கத்தானே செய்யும்?

— அரிக்கும். புளி போட்டா அடங்கும்.

— புளிக்கு எங்க போக? காட்டு மாங்காயத் தட்டிப் போட்டேன். தேங்கா இல்ல, மொளகா இல்ல. தகர டப்பாவுல அவிச்சு மசிச்சேன். ஆவி வந்ததுமே அவன் அழுதுட்டான்.

— நீங்களும் தின்னீங்கள்லா? அவுகளுக்கு மட்டும் எப்படி...

— சேந்து திங்கல. எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. புதுசா எதக் கொண்டாந்தாலும் ஒருத்தன் மட்டும் முதல் வாய் திங்கணும். பொழுது சாயுற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா மத்தவன் திங்கலாம். புள்ள இல்லாதவன் முதல்ல. எல்லாருக்கும் இருந்தா, கொறைச்சலா உள்ளவன். ஆறு பேரா இருந்தோம். பொங்கலுக்கு நானும் அவனும்தான் மிச்சம்.

— அவுகளுக்கு ஒத்தப் பொட்டப்புள்ள.

— ஆமா. ‘ஒனக்கு மூணுல்லா அண்ணே, நீ பொறு’ன்னுட்டு உருட்டி வாயில போட்டான். ‘நம்ம ஊரு ருசிதான்’ன்னான். கொஞ்ச நேரத்துல நாக்கு மரத்துட்டுன்னான். அப்புறம் வாந்தி, வலிப்பு. நோவுக்கு மருந்துன்னு நீ குடுத்துவிட்ட கோயில் புத்துமண்ண இடுப்புத்துணியில முடிஞ்சு வச்சிருந்தான். அதக் கரைச்சு ஊத்தினேன். தொண்டையில எறங்கல.

— அய்யோ, எஞ்சாமி! பசியோடயா போனீக!

— அழுதுரு தங்கச்சி. அடக்காத.

— அழுது என்ன ஆவப்போவுது... அண்ணாச்சி, கோமதியம்மன் சாட்சியா சொல்லுதேன், உங்க மேல எனக்கு வருத்தம் கெடையாது. ஞாயமான ஏற்பாடுதான். மூணு புள்ளைக அப்பனில்லாம தெருவுல நிக்கதுக்கு, என் ஒத்தப்புள்ள நிக்கட்டும். அவுக செஞ்சது சரிதான்.

— அப்படிச் சொல்லாத.

— ஏன் சொல்லக் கூடாது? அத நெனைச்சாத்தான் என் வயிறு ஆறும். ஏட்டி கோமதி, உள்ள கருப்பட்டி மிட்டாய் இருக்கு, பொட்டலத்தோட எடுத்துட்டு வா. மாமா வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்துவிடணும். மூத்தது பேரு என்ன அண்ணாச்சி?

— மிட்டாய் வேண்டாம் தங்கச்சி.

— அவுக உசுரக் குடுத்து அப்பன மீட்டுக் குடுத்த புள்ளைகள்லா! பேரு தெரிஞ்சா வெளக்கு ஏத்தும்போது நெனைச்சுக்கிடுவேன். மூணு பேரையும் சொல்லுங்க.

— எனக்குக் கல்யாணமே ஆகல.