தெற்குப் பலகை

ரயிலைப் படம் எடுக்கிறவனுக்குப் புல்தான் முதல் எதிரி. சக்கரத்தை மறைத்துவிடும். அதனால் எங்கள் ஆட்கள் எல்லோர் பையிலும் ஒரு கத்தரி கிடக்கும். ரயில் வருமுன் முட்டி போட்டுப் புல் வெட்டுவோம், கிளை கழிப்போம். நான் முப்பத்தோரு வருடம் தண்டவாள வேலை பார்த்தவன். என் பையில் ஸ்பேனரும் இருக்கும்.

சார்ஜென்ட், வாக்குமூலத்தை நான் சொல்லி நீங்கள் எழுதினால் அது உங்கள் கதையாகிவிடும். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், இருந்தாலும் நானே எழுதித் தருகிறேன்.

யாரல் பாலத்தடி பத்தொன்பது வருடம் என் இடம். அங்கே நாலு மணி வெயில் எஞ்சின்மேல் எப்படி விழும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெர்னா நல்ல மனுஷி என்பதால் அவள் புருஷன் நெவிலை ஒருமுறை கூட்டிப்போனேன். மறுநாளே படத்தை வழியோடு இணையத்தில் போட்டுவிட்டான். அடுத்த மாதம் நாற்பது கார் வந்தது. வேலியை மிதித்தார்கள். நிலத்துக்காரன் கதவைப் பூட்டினான், எனக்கும் சேர்த்து.

நெவிலிடம் கேட்டேன்.

“யோவ் பெருசு, உன் பாலத்த நான் என்ன சுருட்டி டிக்கியிலயா போட்டேன்? அங்கயேதான நிக்குது, போய்ப் பாரு.”

கூட நின்ற படக்காரர்கள் சிரித்தார்கள். வெர்னா மட்டும், “இந்த வாயோட முப்பது வருசம் குடும்பம் நடத்திட்டேன் மெர்வ், எனக்குத்தான் மெடல் குத்தணும். நீங்க கேக் எடுத்துக்குங்க” என்றாள்.

நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு நீராவி எஞ்சின் கடைசி முறையாக எங்கள் பக்கம் வந்தது. டன்வாராவில் மூடிக்கிடக்கும் பழைய ஸ்டேஷனோடு சேர்த்து எடுக்க நினைத்தேன். அதை ஒட்டி ரோடு தண்டவாளத்தைக் கடக்கிறது. கேட் கிடையாது. பக்கத்துக்கு ஒரு ‘நில்’ பலகை, அவ்வளவுதான். வடக்குப் பலகை ஸ்டேஷன் ஜன்னலை மறைத்தது. கழற்றினேன். இரண்டு போல்ட். புல் வெட்டுகிற மாதிரிதான் அதுவும். ஊர்க்காரனுக்குப் பலகை தேவையில்லை.

நெவில் ஓர் இடத்தில் நின்று எடுக்கிறவன் அல்ல. வெர்னா கார் ஓட்டுவாள். அவன் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு ரயிலைத் துரத்துவான். காலையில் அவனிடம், “நெடுஞ்சாலை வேணாம். கோதுமைக் கிடங்கு பக்கமா மண் ரோடு போகுது. ரயிலுக்கு முன்னாடி டன்வாரா வந்துரலாம்” என்றேன்.

“பெருசுக்கு மனசு எளகிருச்சு வெர்னா” என்றான்.

கிடங்கைச் சுற்றித் திரும்பினால் உடனே தண்டவாளம். அதை நான் சொல்லவில்லை.

அந்த ரோடு தெற்கிலிருந்து வருகிறது. தெற்குப் பலகை என் படத்தில் விழவே விழாது. அதையும் கழற்றினேன்.

எஞ்சின் கூவியது. காற்று எதிர்த்திசை. கார் திரும்பியதைப் பார்த்தேன். கையை ஆட்டியிருக்கலாம். கையில் கேமரா இருந்தது.

வெர்னா பலகையை மதிக்காமல் போய்ச் செத்தாள் என்று பேப்பரில் போட்டிருந்தது. பலகையே இல்லை என்று நெவில் ஆஸ்பத்திரியில் சொல்கிறானாம். தலையில் அடி, உளறுகிறான் என்று நீங்கள் விட்டுவிட்டீர்களாம். அவன் உளறவில்லை. அவள் ஆளில்லாத ரோட்டில்கூட நின்று பார்த்துப் போகிறவள். அவள்மேல் பழி நிற்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததே கிடையாது.

காரில் மோதிய ரயில் அரை மைல் தள்ளிப் போய் நின்றது. அதன் ஆட்கள் ஓடி வர ஏழெட்டு நிமிடமாவது ஆகும். நெவிலுக்கு நினைவில்லை. வெர்னாவுக்கு இருந்தது.

“மெர்வ்... நீங்களா? கதவ மட்டும் தெறங்க, மூச்சு விட முடியல.”

“இதோ வந்துட்டேம்மா” என்றேன்.

இரண்டு பலகையையும் மாட்டி, நாலு போல்ட்டையும் முடுக்கிவிட்டுத்தான் போனேன்.