சாராய ஜாடியில் ஒரு பல்லி

— ஜாடி மேல இருந்து கைய எடுங்க ஏட்டய்யா. சாராயத்தக் கீழ ஊத்துனீங்கன்னா உள்ள இருக்கற பல்லி பொழுது சாயறதுக்குள்ள அழுகிப் போயிரும்.

— அழுகட்டும். சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு வந்தது தெரியாதா பாவாயி? இந்தச் சென்றாயன் டூட்டியில இருக்கற வரைக்கும் ஒரு சொட்டு மலையிறங்காது.

— குடிக்கவாங்க கொண்டு போறேன்? மோந்து பாருங்க. செத்த பல்லி ஊறுனதை எவன் குடிப்பான்?

— குடிக்கறவன் பாம்பு ஊறுனாலும் குடிப்பான். பல்லிக்கு எதுக்கு சாராயம், அதுக்கென்ன கல்யாணமா?

— கெடாம இருக்கத்தானுங்க. மியூசியத்து அர்த்தனாரி ஐயா கொண்டாந்த ஸ்பிரிட்டு பாட்டிலு மலையேத்தத்துல ஒடஞ்சு போச்சு. அவரு வாசலூர்பட்டியில காய்ச்சல்ல கெடக்கறாரு. நாந்தான் அடிவாரத்துக்குக் கொண்டு போயி மெட்ராஸ் பார்சல்ல சேக்கோணும்.

— மெட்ராஸ்ல இல்லாத பல்லியா? எந்தச் செவுத்தப் பாத்தாலும் நாலு ஓடுது.

— அது ராத்திரிப் பல்லி, கண்ணு பூனையாட்டம் கீத்தா இருக்கும். இது பகல்ல பாறையில திரியறது. கண்ணு நம்மளாட்டம் உருண்டை, கழுத்துக்கடியில மஞ்சளு. எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லாத புதுப் பல்லின்னு ஐயா லென்சு வெச்சுப் பாத்துச் சொன்னாரு.

— அப்ப அதையே எழுதியனுப்பட்டும்.

— போன வருசம் அனுப்புனாரு. சேர்வராயன் மலைப் பல்லியப் பாத்துட்டு ஒளறறான்னு தொரைமாருங்க சிரிச்சாங்களாம். ஒடம்பு போய்ச் சேந்தாத்தான் கொல்லிமலைப் பேரு அதுக்கு நிக்கும். பாறை இடுக்குல கைய உட்டு நான் புடிச்சது. உடமாட்டேன்.

— சரி, சாராயம் காய்ச்சுன ஆளக் காட்டு. ஜாடிய உட்டுடறேன்.

— காட்ட மாட்டேங்க.

— ஜெயிலுதான்.

— போடுங்க. ஜாடியோட போடுங்க.

— கொழுப்பப் பாரு. அந்த ஆளுக்கு அவ்வளவு பயமா?

— பயமில்லீங்க. பாவம் பாக்கறேன்.

— நான் பாக்க மாட்டேன். எந்தக் கொம்பனா இருந்தாலும் வெலங்கு மாட்டி, செம்மேட்டுச் சந்தைக்கு நடுவுல நடத்திக் கூட்டிட்டுப் போவேன். ஊரே காறித் துப்போணும். இப்பச் சொல்லலீன்னா ஊத்திருவேன். இதா, மூடியத் திருகியாச்சு.

— நிறுத்துங்க ஏட்டய்யா. நீங்க ரோந்துக்குக் கெளம்புனதும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில சாராய அடுப்ப மூட்டறது உங்க ஊட்டுக்காரம்மாதானுங்க.