உடைந்ததும் உடைத்ததும்

இன்று காலை உறுதிசெய்யப்பட்ட ஒரு செய்தியோடு தொடங்குகிறேன். பிரதான குடிநீர்க் குழாயை யாரும் உடைக்கவில்லை. துருவேறி, தானாக உடைந்தது. என்னிடம் நேரில் சொன்னவர், விசாரணை நடத்திய செயற்பொறியாளர்.

இந்தச் சேதிக்காகக் காத்திருந்த தலைவர் அம்மையார் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்தும் வீடு திரும்பாமல் வந்திருக்கும் தாய்மார்களே, எழுத்தைக் காக்கும் பிழைதிருத்துநர் சங்கத் தோழர்களே, மூன்றாம் வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் குடிநீர் அலுவலக ஊழியரான நம் வால்வு அக்காவே, வணக்கம்.

வாக்கியத்தை ஆள்வது யார்? முன்னால் வந்து நிற்கும் பெயர்ச்சொல்லா? இல்லை, கடைசியில் வந்து உட்காரும் வினைச்சொல். கடைசியில் வந்தாலும், எத்தனை நாற்காலி போடுவது, அவை யார் யாருக்கு என்று முடிவு செய்வது அதுதான். ‘தூங்கினார்’ என்றால் ஒரு நாற்காலி போதும். உங்களைச் சொல்லவில்லை, தலைவரம்மா. ‘கொடுத்தார்’ என்றால்?

“யாரு, யாருக்கு, என்னத்தக் கொடுத்தாரு?” என்கிறார் பின்வரிசை அண்ணன். பார்த்தீர்களா? கேட்டது அண்ணன் அல்ல. அவர் வாயால் வினைச்சொல் கேட்டது. மூன்று நாற்காலி. ஒன்று காலியாக இருந்தாலும் நமக்கு மனம் ஆறாது.

அந்தக் காலி நாற்காலியில்தான் அக்கா அகப்பட்டார். ‘குழாய் உடைந்தது, ஊழியரிடம் விசாரணை’ என்பது நம் நாளிதழுக்கு நிருபர் தந்த தலைப்பு. தட்டச்சில் ‘ந்’ நழுவி ‘த்’ விழுந்தது: ‘குழாய் உடைத்தது.’ நம் தோழர் ஒருவர் நெற்றியைச் சுருக்கினார். எதை உடைத்தது? குழாயை. யார் உடைத்தது? பக்கத்திலேயே ஊழியர் நிற்கிறாரே! ‘குழாயை உடைத்த ஊழியரிடம் விசாரணை’ என்று திருத்தினார். இலக்கணம் நேராயிற்று, அக்காவின் பிழைப்பு கோணலாயிற்று. செய்தி வந்த அன்றே குடிநீர் அலுவலகத்தில் அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

காலிக் குடத்தோடு அக்கா வீட்டு வாசலுக்கு வந்த ஒருவர் கேட்டாராம்: “ஏம்மா, சம்பளமும் வாங்கிட்டு குழாயையும் ஒடைப்பியா?”

“ஒடைக்கிறதுன்னா சம்மட்டி வேணும்யா. எங்கிட்ட இருக்கறது வால்வு திருகுற சாவி.”

திருத்திய தோழரும் மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனார். “அக்கா, ஒரே ஒரு எழுத்துதான்...” என்று இழுத்தார்.

“உனக்கு ஒரு எழுத்து தம்பி, எனக்கு வேலை. சரி, உள்ள வா. தண்ணி வந்துடுச்சு, குடிச்சிட்டுப் போ.”

சிரிக்கிறீர்கள், அக்காவும் சிரிக்கிறார். சிரிப்போம், ஆனால் மறக்கலாமா? வாக்கியம் இடித்தால் ஆளைத் தேடாதீர்கள், வினையைச் சந்தேகியுங்கள். காலி நாற்காலி கிடக்கிறதே என்று கையில் கிடைத்தவரைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். ஒரு வினை ஓர் ஆளைக் கேட்கும். அந்த ஆள் யாரென்று அது சொல்லாது. சொல்ல வேண்டியது விசாரணை. அதுவரை பொறுக்க வேண்டியது நாம்.

திருத்தம் நாளைய நாளிதழின் முதல் பக்கத்தில் வருகிறது. செவி தந்த அனைவருக்கும் நன்றி. இன்னும் வராதது ஒன்று உண்டு: அக்காவை மீண்டும் பணியில் சேர்க்கும் ஆணை. திங்கள் நண்பகலுக்குள் வரும் என்கிறார் பொறியாளர். அங்கேயும் அதே இரண்டு எழுத்துகள்தான். அலுவலகம் ‘சேர்த்தது’ என்றால்தான், அக்கா ‘சேர்ந்தார்’ என்று நான் செய்தி எழுத முடியும். அந்த ‘ந்’ வரும்வரை, வணக்கம்.