கேட்க ஆள் வரும்வரை

தலைவர் அவர்களே, போதகர் அம்மா அவர்களே, ஹெல்மிங்வோல்ட் ஊர் மக்களே, வணக்கம்.

மண்டபம் நிரம்பி, சுவரோரமும் நிற்கிறீர்கள். இன்று நாம் அடக்கம் செய்த நம் சிரில் லார்ட்டர் இதைப் பார்த்திருந்தால், "என்னப்பா, கேக் ஓசியா?" என்று கேட்டிருப்பார்.

அவருடைய பார்லி வயலின் ஓரத்தில், பழைய விமான ஓடுபாதையில் மிஞ்சிய கான்கிரீட் துண்டின் மேல் நினைவுக்கல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்து குண்டுவீச்சு விமானங்களில் கிளம்பித் திரும்பாத நூற்று அறுபத்து நான்கு அமெரிக்கர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அந்த இடத்தைக் கொடுத்தவர் யார்? சிரில். பாசி படியாமல் துடைத்தவர் யார்? சிரில். ஆண்டுதோறும் மே மாதக் கடைசி ஞாயிறு பதினோரு மணிக்குப் பெயர்களை வாசித்தவர் யார்? சிரில்!

கல் திறந்த ஆண்டு, அமெரிக்காவின் கான்சாஸிலிருந்து லூவெல்லா என்ற அம்மையார் வந்தார். தம்பியின் பெயரை வாசித்ததும் சிரிலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்ல அவன் பேரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல, மிஸ்டர் லார்ட்டர். அம்மா தாங்க மாட்டாங்க. நாப்பது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் காதால கேட்டேன்."

அன்றிலிருந்து சிரிலுக்கு ஒரு விதி. கேட்க ஆள் இல்லாமல் பெயர்களை வாசிக்கமாட்டார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். காலி வகுப்பில் நாம் யாரைக் கூப்பிடுகிறோம்?

இறந்தவர்களின் குடும்பத்தார் முதலில் பேருந்துகளில் வந்தார்கள். பிறகு ஒரு வேன். பிறகு நாம் மட்டும். சென்ற ஆண்டு அந்த ஞாயிறன்று மழை. யாராவது போவார்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு நான் போனபோது, குடையும் நனைந்த நாயுமாகக் கல்லருகே நின்றிருந்தார்.

"வாங்க வாத்தியாரே! ஆறு மணி நேரம் லேட்டு. உங்க கிளாஸ்ல விடுவீங்களா?"

"இன்னுமா படிக்கல?"

"யாருக்குப் படிக்க? நாய்க்கா? அது அஞ்சாவது பேர்லயே தூங்கிடும்."

"வீட்டுக்காவது போயிருக்கலாமே, சிரில்."

"போயிருந்தா, இந்த வருஷம் இவங்க பேரை யாரு கேட்டிருப்பா?"

நான் போனது அவரிடம் இருந்த இந்த மண்டபத்தின் சாவியை வாங்க. அதை அவரிடம் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். அவர் வாசித்தார், நான் கேட்டேன். இருபது நிமிடம். முடிந்ததும் "நன்றி" என்றார். எனக்கு நன்றி!

நண்பர்களே, நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோவது எளிது. அடுத்த மாதக் கடைசி ஞாயிறு பதினோரு மணிக்கு நான் அந்தக் கல்லருகே நிற்பேன். வாசிப்பதற்கு நான் உறுதி தருகிறேன். கேட்க ஆள் இருப்பார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து மணிவரை நிற்க முழங்கால் விடாது.

கொஞ்சம் முன்னதாக வாருங்கள்.