நிழல் நகரும் நேரம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். சித்திரை வெயில். முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் திடீரென்று பதறினாள்.

"ஐயோ அக்கா, இந்நேரம் நிழலு நவுந்திருக்குமே!"

"இன்னாடி சொல்ற?"

"நாய்க்குப் பயந்து கோழிங்கள கூடையில கவுத்து, மேல கல்லு வச்சுட்டு வந்தேன். காலையில முருங்கமர நிழலு இருந்துச்சு. இப்ப மொட்ட வெயிலு. தண்ணிகூட வைக்கல."

"பக்கத்து வூட்டுக்காரிக்குப் போன் போடு, கூடைய தூக்கி வுடட்டும்."

"கோழி அவ காயப்போட்ட மல்லாட்டக் கொட்டைய கொத்திடுச்சின்னு சண்ட. நம்பர அழிச்சுட்டேன்."

"அப்ப எறங்கி ஓடு."

"மவ ஆஸ்பத்திரியில வலியோட ஒத்தையில கெடக்குறாளே. புள்ள பெத்ததும் அவளுக்குச் சாறு வைக்கத்தான்க்கா அதுங்கள வளத்தேன்."

விக்கிரவாண்டியில் பஸ் நின்றது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"எறங்கறியாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க" என்று உட்கார்ந்துகொண்டாள்.